குலியோனில் மட்டும் செல்லும் காசு

அந்தக் காசு அலுமினியத்தில் அடித்தது. நம்மூரில் முன்பு புழங்கிய பத்துப் பைசா, இருபது பைசாவைப் போல, கையில் வைத்தால் எடையே தெரியாத ரகம். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததால் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஓரம் அரித்து, மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. விளிம்பை ஒட்டி வட்டமாக ஆங்கில எழுத்துகள்: குலியோன் தொழுநோயாளர் குடியிருப்பு, பிலிப்பைன் தீவுகள், 1913. நோயாளியைக் குறிக்க அதில் போட்டிருக்கும் சொல் ‘லெப்பர்’. இன்றைக்கு நாகரிகமுள்ள யாரும் வாயில் எடுக்காத சொல் காசிலேயே அச்சாகியிருக்கிறது.

இந்தக் காசை வைத்துக்கொண்டு தீவுக்குள் அரிசி வாங்கலாம், சோப்பு வாங்கலாம், புகையிலை வாங்கலாம். கப்பலேறி வெளியே போனால் யாரும் வாங்கமாட்டார்கள். காசின் வழியாக நோய் பரவும் என்று அப்போது பயந்தார்கள். அதற்காகவே தனி நாணயம். ஒரு மனிதரைச் செல்லாக்காசு என்று திட்டுவது நம் வழக்கம். ஓர் அரசாங்கம் அப்படி ஒன்றை நிஜமாகவே அடித்துக் கொடுத்ததை நான் பார்த்தது குலியோனில்தான்.

குலியோன், பிலிப்பைன்ஸின் பலாவான் மாகாணத்தில் வடகோடியில், காலமியான் தீவுக்கூட்டத்தில் இருக்கும் ஒரு நகராட்சி. நகராட்சி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு சின்ன டவுனும் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்த நிர்வாகம் என்று பொருள். கிராமத்துக்குப் பராங்காய் என்று பெயர். பரப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 23,000 சொச்சம். பக்கத்தில் இருக்கும் கொரோனுக்கு உலகமே வருகிறது: சுண்ணாம்புப் பாறைகள், பச்சைக் கடல், 1944 செப்டம்பரில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்களைக் கடலுக்கடியில் போய்ப் பார்ப்பவர்கள். குலியோனுக்குப் படகேறுகிறவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள். நான் போன படகில் வெளியூர்க்காரன் நான் ஒருவன்தான். மற்ற இடமெல்லாம் அரிசி மூட்டை, முட்டை அட்டை, ஒரு புது மின்விசிறி.

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது செங்கல்பட்டுப் பக்கம். அருகே திருமணியில் தொழுநோய்க்கென்றே பெரிய மருத்துவமனை உண்டு. விரல் மடங்கிய ஒருவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். சின்னப் பையனாக நானும் எழுந்து போயிருக்கிறேன். எங்கள் ஆயா அந்த நோயின் பெயரையே வீட்டுக்குள் சொல்லமாட்டார். “அந்த வியாதி” என்பார், அவ்வளவுதான். அதனால், அந்த வியாதிக்காகவே ஒரு தீவை ஒதுக்கி, கடைசியில் அந்தத் தீவு மேயரும் தேர்தலும் உள்ள சாதாரண ஊராக மாறியது என்று படித்தபோது, எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

படகு நெருங்கும்போது முதலில் தெரிவது மலைச்சரிவில் ஒரு பெரிய கழுகு. கல்லை அடுக்கி வெள்ளையடித்தது. அன்றைய பிலிப்பைன் சுகாதாரத் துறையின் சின்னம் அது. 1926இல் நோயாளிகளே அடுக்கினார்கள். உணர்ச்சி குறைந்துபோன கைகள் செய்த வேலை. தொழுநோயில் நரம்பு செத்துவிடும். கல் வெட்டினாலும் வெயிலில் கொதித்தாலும் கைக்குத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தக் கழுகைப் படகிலிருந்து பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது அந்தக் கைகள்தான்.

கழுகுக்குக் கீழே, கடலுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில் தேவாலயம். 1740 வாக்கில் ஸ்பானியர் காலத்தில் கடல் கொள்ளையருக்குப் பயந்து கட்டிய பவளக்கல் கோட்டையின் மிச்சம் அதை ஒட்டி நிற்கிறது. பழைய பீரங்கியும் இருக்கிறது. அமலோற்பவ மாதா கோவில் அது. டிசம்பர் 8 திருவிழா. ஸ்பானியர் காலத்தைப் பற்றி நான் இதற்கு மேல் இழுக்கப் போவதில்லை. குலியோனின் கதை அமெரிக்கர்கள் வந்த பிறகுதான் சூடு பிடிக்கிறது.

1898இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பெற்ற அமெரிக்கர்கள், தொழுநோயாளிகளை எல்லாம் ஒரே தீவில் குடிவைக்க முடிவெடுத்தார்கள். ஹவாயின் மொலோகாய் தீவில் 1866 முதலே அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அதுதான் முன்மாதிரி. மணிலாவிலிருந்து தூரம், நல்ல துறைமுகம், தண்ணீர், குறைவான மக்கள் என்று பார்த்துக் குலியோனைத் தேர்ந்தார்கள். ஊரில் ஏற்கனவே இருந்த குடும்பங்களைப் புசுவாங்கா தீவுக்கு மாற்றினார்கள். அதாவது, நோயாளிகளை வேரோடு பிடுங்குவதற்கு முன்பே இங்கே இன்னொரு கூட்டம் பிடுங்கப்பட்டிருந்தது. அவர்களுக்கும் முந்தைய குடிகள் தக்பனுவா பழங்குடிகள். அவர்கள் இன்றும் இந்தத் தீவுகளில் இருக்கிறார்கள்.

1906 மே 27. செபுவிலிருந்து இரண்டு கப்பல்களில் 370 பேர் வந்து இறங்கினார்கள். அதுதான் முதல் தொகுதி. வரவேற்கக் காத்திருந்தவர்கள் ஒரு சில மருத்துவப் பணியாளர்கள், ஒரு சேசு சபைப் பாதிரியார், புனித பவுல் சபைக் கன்னியர். மறு வருடமே சட்டம் வந்துவிட்டது: 1907இன் 1711ஆம் எண் சட்டம். தொழுநோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிடிக்கலாம், அடைக்கலாம், தனிமைப்படுத்தலாம். நோயாளியின் சம்மதம் தேவையில்லை. சுகாதாரத் துறை இயக்குநராக இருந்த டாக்டர் விக்டர் ஹைசர், கப்பலை எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போய் ஆட்களைச் சேகரித்தார். சேகரிப்புப் பயணம் என்றே அதற்குப் பெயர். ஹைசரைக் கொடுமைக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர் நல்லது செய்வதாகத்தான் முழுமனதாக நம்பினார். ஊரில் கல்லடி பட்டுப் பட்டினி கிடந்தவர்களுக்கு வீடும் சோறும் மருந்தும் கிடைக்கும் என்பது பொய்யும் இல்லை. ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் பிழைக்கவில்லை. கப்பல் கரையைத் தொட்டபோது வீட்டின் நடுவே ஒளித்துவைத்த பிள்ளையைத் தாய் எப்படிக் கொடுத்திருப்பாள் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது.

தீவுக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. ஒரு பக்கம் நோயாளிகள் குடியிருப்பு, மறு பக்கம் பலாலா. டாக்டர்களும் ஊழியர்களும் இருந்த பகுதி அது. நடுவே வாயில், காவல். நோயில்லாதவர்களுக்குச் ‘சானோ’ என்று பெயர், ஸ்பானியச் சொல். நோயாளிகள் ‘லெப்ரோசோ’. ஒரு ஊரின் மக்களை இரண்டே சொல்லில் பிரித்துவிடலாம் என்றால், மற்ற எல்லா அடையாளமும் உதிர்ந்துவிடுகிறது. செபுவில் தச்சராக இருந்தவர், இலோகோஸில் ஆசிரியையாக இருந்தவர் எல்லோரும் இங்கே லெப்ரோசோ.

மருந்து என்று அப்போது இருந்தது சால்மூக்ரா எண்ணெய். இதை நம்மவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்குக் கொடுக்கும் நீரடிமுத்து, இதே மரக் குடும்பத்தின் விதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. வாய்வழியே கொடுத்தால் குமட்டிக் கொண்டு வரும், பெரும்பாலோரால் தாங்க முடியாது. மணிலாவில் டாக்டர் எலியோதோரோ மெர்காதோ, கற்பூரமும் ரெசார்சினும் கலந்து ஊசியாகப் போடும் முறையைக் கண்டுபிடித்தார். குலியோனில் வரிசையில் நின்று அந்த ஊசியை வாரா வாரம் போட்டுக்கொண்டார்கள். கெட்டியான எண்ணெய். போட்ட இடம் வீங்கும், சிலருக்குச் சீழ் கட்டும். சிலர் தேறியதாகப் பதிவுகள் உண்டு. பலர் வருடக்கணக்காகக் குத்திக்கொண்டதுதான் மிச்சம். 1921இல் கவர்னர் ஜெனரலாக வந்த லெனார்ட் வுட் குலியோனுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தார். நாட்டின் சுகாதாரச் செலவில் பெரும் பங்கு இந்த ஒரு தீவுக்கே போனது. அதனால் நோயாளிகளும் வந்துகொண்டே இருந்தார்கள். 1930களின் நடுவில் எண்ணிக்கை 7,000ஐ நெருங்கியது. உலகிலேயே மிகப் பெரிய தொழுநோயாளர் குடியிருப்பு அப்போது இதுதான்.

ஏழாயிரம் பேர் ஓரிடத்தில் இருந்தால் என்ன நடக்கும்? கடை வந்தது, நாடகக் கொட்டகை வந்தது, சொந்தப் போலீஸ் வந்தது, பேண்டு வாத்தியக் குழு வந்தது. காதல் வந்தது. இங்கேதான் நிர்வாகம் திணறியது.

ஆரம்பத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்தே வைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கல்யாணத்துக்கு அனுமதி கொடுத்தார்கள், பிறகு தடுத்தார்கள். கல்யாணத்தில் அவர்களுக்கு இருந்த பயம் குழந்தை. தொழுநோய் பரம்பரையாக வருவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இயற்கையாகவே அதை எதிர்க்கும் சக்தி உண்டு. ஆனால் நோயுள்ள தாயோடு ஒட்டி வளரும் குழந்தைக்கு வரக்கூடும் என்று அஞ்சினார்கள். அதனால் பலாலாவில் ஒரு காப்பகம் கட்டி, பிள்ளைகளைப் பெற்றவளிடமிருந்து பிரித்து அங்கே வளர்த்தார்கள். பெற்றோர் குறிப்பிட்ட நேரத்தில் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம். தூக்க முடியாது. சொந்தக்காரர்கள் யாரும் வந்து வாங்கிக்கொள்ளாத பிள்ளைகளை மணிலாவில் இருந்த வெல்ஃபேர்வில் என்ற அரசு விடுதிக்கு அனுப்பினார்கள். அத்தோடு பலருக்குத் தாய் முகம் மறந்துபோனது.

அருங்காட்சியகத்தில் அந்தக் காப்பகத்தின் படம் ஒன்று இருக்கிறது. வரிசையாகத் தொட்டில்கள், வெள்ளை உடுப்பில் ஊழியர்கள், சுத்தமோ சுத்தம். நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். அந்தப் படத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. குழந்தைகள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். படத்தில் இல்லாதது கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் மட்டும்தான்.

1932 மார்ச்சில் இளைஞர்கள் பொறுத்தது போதும் என்று கிளம்பினார்கள். கன்னியர் பொறுப்பில் இருந்த பெண்கள் விடுதியை ஒரு பெரும் கூட்டம் முற்றுகையிட்டு உள்ளே புகுந்தது. கல்யாணத் தடைக்கு எதிரான கலகம். அப்போதுதான் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்திருந்தது. குலியோன்காரர்கள் தங்கள் கலகத்துக்கும் ‘மஞ்சூரியா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விடுதியில் இருந்த பெண்கள் எல்லோரும் விருப்பத்தோடு வெளியே வந்தார்களா என்ற கேள்வி எனக்கு உண்டு. அதை மறைத்துக் காதல் புரட்சி என்று மட்டும் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு வழி திறந்தது. இன்று குலியோனில் இருக்கிறவர்களில் பலர் அப்படிக் கட்டிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள்.

மருத்துவ உலகத்துக்குக் குலியோன் வேறொரு விதத்தில் தலைநகரம். அமெரிக்க நோயியல் நிபுணர் ஹெர்பர்ட் வின்சர் வேட் 1922இல் இங்கே வந்தவர், மிச்ச வாழ்நாளை இங்கேயே கழித்தார். 1931இல் மணிலாவில் கூடிய மாநாட்டில் சர்வதேசத் தொழுநோய்ச் சங்கம் பிறந்தது. 1933இல் தொடங்கிய அதன் ஆய்விதழுக்கு வேட்தான் ஆசிரியர். அந்தச் சங்கத்தின் முதல் செயலாளர் யார் தெரியுமா? டாக்டர் ராபர்ட் காக்ரேன். பின்னாளில் எங்கள் திருமணி மருத்துவமனையை நடத்தியவர், 1940களில் டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். இதைப் படித்தபோது என் பஸ்ஸும் அந்தக் காலி சீட்டும் மறுபடி நினைவுக்கு வந்தன. நான் எழுந்து போன காலத்தில், அதே ஊரில் அதற்கு மருந்து இருந்தது. வேட் 1968இல் இறந்தார். கல்லறை குலியோனிலேயே இருக்கிறது.

நடுவே போர் வந்தது. மணிலாவிலிருந்து வரும் அரிசிக் கப்பலை நம்பியிருந்த தீவு இது. ஜப்பானியர் பிடித்ததும் கப்பல் நின்றது. காசும் தட்டுப்பட்டு, 1942இல் குலியோன் தனக்கென்று காகித நோட்டு அச்சடித்துக்கொண்டது. ஆனால் நோட்டைக் கொடுத்து வாங்க அரிசி எங்கே? நடக்க முடிந்தவர்கள் கிழங்கு நட்டார்கள், மீன் பிடித்தார்கள், படகு கிடைத்தவர்கள் தப்பினார்கள். நடக்க முடியாதவர்கள் கிடந்தார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 2,000 பேர் பட்டினியிலும் நோயிலும் போய்விட்டார்கள். நாற்பது வருடமாகத் தொழுநோயைச் சமாளித்த ஊரை மூன்று வருடப் பசி பாதியாக்கப் பார்த்தது.

போருக்குப் பிறகு டாப்சோன் போன்ற சல்போன் மருந்துகள் வந்தன. 1964இல் 4073ஆம் எண் சட்டம், பெரும்பாலான நோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்றது. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து கதையையே முடித்துவைத்தது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மாத்திரை, ஆள் குணம். ஆக, வாயில் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் போகலாம்.

பலர் போகவில்லை. நான் தெரிந்துகொள்ள வந்தது இதைத்தான். போகாததற்குப் பயம் ஒரு காரணம். வெளியே அடையாளம் தெரிந்துவிடும், வேலை கிடைக்காது. சொந்தக்காரர்கள் ஏற்கனவே காரியம் செய்து முடித்தவர்கள் மாதிரி இருந்துவிட்டார்கள். ஆனால் பயம் மட்டும் ஒருவரைத் தேங்காய் நட வைக்காது. இவர்கள் நட்டார்கள். இங்கே பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள், பெற்றோரை இங்கேயே புதைத்தார்கள். நம்மிடம் ‘சொந்த ஊர்’ எது என்று கேட்டால் பிறந்த ஊரைச் சொல்வதா, தாத்தா ஊரைச் சொல்வதா என்று தடுமாறுவோம். குலியோன்காரர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தாத்தாவின் ஊர் தாத்தாவை அனுப்பிவிட்ட ஊர்.

ஒரு சிக்கல் இருந்தது. அது ஊராக இருந்தாலும் சட்டப்படி ஊர் இல்லை. சுகாதாரத் துறையின் கையில் இருந்த ஒதுக்கீட்டு நிலம், அவ்வளவே. மேயர் கிடையாது. மருத்துவமனையின் தலைமை டாக்டர்தான் நடைமுறையில் எல்லாம். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் டாக்டர், கோழித் திருட்டு என்றாலும் டாக்டர் என்று நினைத்துப் பாருங்கள். 1992 பிப்ரவரி 19 அன்று 7193ஆம் எண் சட்டம் குலியோனைப் பலாவானின் ஒரு நகராட்சியாக அறிவித்தது. 1995இல் முதல் உள்ளூர்த் தேர்தல்.

மற்ற ஊர்களில் நகராட்சி அந்தஸ்து என்பது வரவு செலவு விஷயம். இங்கே அது வேறு. வோட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் கையைக் குலுக்கியாக வேண்டும். வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். ரோடு சரியில்லை என்று மேயரைத் திட்டலாம். நோயாளிக்கு இதில் எதற்கும் உரிமை கிடையாது, குடிமகனுக்கு மட்டும்தான் உண்டு. நான் போன அன்று நகராட்சி அலுவலகத்தில் ஒருவர் ஏதோ ரசீதுக்காகக் குமாஸ்தாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மொழி புரியவில்லை, விஷயம் புரிந்தது. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

2006இல், முதல் கப்பல் வந்து நூறு ஆண்டு முடிந்தபோது, உலக சுகாதார அமைப்பு குலியோனில் தொழுநோய் ஒழிந்ததாக அறிவித்தது. மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் அருங்காட்சியகமும் அந்த நூற்றாண்டை ஒட்டியதுதான். நோயாளிப் பதிவேடுகள், புகைப்படங்கள், ஊசிக் குழாய்கள், நுண்ணோக்கிகள், அந்தக் காசுகள். ஆவணங்கள் 2018இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவமானத்தின் சாட்சி என்று சொல்லி இதையெல்லாம் எரித்திருக்கலாம். எத்தனையோ ஊர்களில் அப்படித்தான் நடந்திருக்கும். இவர்கள் தூசி தட்டி எடுத்துவைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் பெயர், வயது, மாகாணம், வந்த தேதி, பரிசோதனை முடிவுகள். நெகட்டிவ், நெகட்டிவ், பாசிட்டிவ் என்று கீழே கீழே போகிறது. ஒவ்வொரு பாசிட்டிவும் ஒருவர் வீடு திரும்ப முடியாமல் போன வருடம்.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும் படகு. துறைக்கு ட்ரைசைக்கிளில் போனேன். பைக்கோடு ஒரு பெட்டி பொருத்திய வண்டி, நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி. பழைய வாயில் இருந்த பக்கமாகப் போகும்போது ஓட்டுநர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பள்ளிவிட்டு வந்த மூன்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு அந்த வழியாக ஓடினார்கள். வாடகை போக ஓட்டுநர் மீதி கொடுத்ததில் ஒரு 20 பெசோ நாணயம் இருந்தது. பளபளவென்று, நாடு முழுக்கப் புழங்கும் சாதாரண நாணயம். அதைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கொரோன் துறையில் இறங்கியதும் பசி. சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்திய வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. அந்த நாணயத்தை எடுத்து நீட்டினேன். இன்னொருவருக்குப் பழம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, என் காசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி டப்பாவில் போட்டார்.